நூற்றி இருபத்தெட்டு வரி

நீதான் செய்தாய். பிரிண்டர் செய்யவில்லை, உப்புக்காற்று செய்யவில்லை, தாள் போட்ட கை செய்யவில்லை. நீ. பதினோரு வருஷம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து லாரி எடை போட்ட மனுஷனை உன் நாலு வரி எழுப்பி வெளியே அனுப்பியது, அதை எழுதிவிட்டு நீ காப்பி குடிக்கப் போயிருப்பாய். உன் முகம் எனக்குத் தெரியாது, ஊர் தெரியாது, பெயரென்று நீ போடுவது மூன்று எழுத்து. உன் பாஷையில் பெரியவருக்கும் சின்னவருக்கும் ஒரே வார்த்தைதான். என் பாஷையில் நீ, நீர், நீங்கள் என்று மூன்று இருக்கிறது, எதை எடுப்பதென்று ரெண்டு மாசம் யோசித்தேன், நீ என்றே வைத்துக்கொள்கிறேன், உனக்கு அது போதும். இப்போது மணி பத்தரை. தனசிங் அண்ணாச்சியின் எடைமேடை அறையில், கம்ப்யூட்டர் முன்னால் நான். எனக்குப் பின்னால் அண்ணாச்சி, கையைக் கட்டிக்கொண்டு, மூச்சு என் பிடரியில் படுகிற தூரத்தில். சன்னலுக்கு வெளியே உப்பு லாரிகள் வரிசையாக, அந்த வரிசைக்கு அப்பால் வேப்பமர நிழலில் பேச்சிமுத்து அண்ணன், உள்ளே வராமல். ஒப்பந்தம் இது: லாரி மேடையைவிட்டு இறங்குவதற்குள் அதன் எடைச்சீட்டு டிரைவர் கையில் இருக்க வேண்டும். இருந்தால் பேச்சிமுத்து அண்ணனுக்கு நாற்காலி திரும்பும். ஒரு சீட்டு தவறினாலும் என் புரோகிராம் குப்பைக்கு, பேச்சிமுத்து அண்ணன் வேலை அண்ணாச்சியின் மச்சான் பொன்ராஜுக்கு, நிரந்தரமாக. மூன்று லாரி பார்த்தால் போதும் என்றார் அண்ணாச்சி. ஏழு என்றேன் நான். என் ஆயுசில் எனக்கே பாதகமாகப் பேரம் பேசியது அதுதான் முதல் தடவை, அவருக்கே சந்தேகம் வந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என்ன பிரகாசி, முதல் லாரி ஏறிட்டு. ஒன் மிஷின் இன்னைக்காவது வாயத் தொறக்குமா, இல்ல விரதமா?" என்கிறார். "நீங்க கண்ணத் தொறந்து வச்சிருங்க அண்ணாச்சி, அது போதும்" என்கிறேன். எண் ஆடுகிறது, ஆடுகிறது, நிற்கிறது. தட்டுகிறேன். கர்ரென்று ஒரு சத்தம். வந்துவிட்டது, முழுச்சீட்டு, இருபது வரி, லாரி நம்பர், எடை, நேரம், எல்லாம். கிழித்து சன்னல் வழியாக நீட்டுகிறேன். ஒன்று.

நான் யாரென்று உனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் நீ கேட்கவில்லை, "தம்பி, முதலில் சி மொழி படித்துவிட்டு வா" என்று எழுதினாய், தம்பியாம், எனக்கு நாற்பத்தொரு வயது, பெயர் பிரகாசி. துறைமுகத்தில் கப்பல்காரர்கள் கழித்துக்கட்டுகிற சாமானை ஏலம் எடுத்து விற்கிறவள். பத்தாம் வகுப்பில் கணக்கில் தோற்றவள். இங்கிலீஷ் எனக்குப் பள்ளிக்கூடம் கொடுத்ததில்லை, பிலிப்பைன்ஸ் மாலுமிகளிடம் கயிறும் விளக்கும் ரேடியோவும் பேரம் பேசிப் பேசி வந்தது. ஒரு தடவை பன்னிரண்டு கம்ப்யூட்டர் ஒரே கட்டாக வந்தது, ஒன்பது ஓடவில்லை, வாங்கினவள் ஏமாந்தாள் என்று கடைத்தெரு முழுக்கச் சிரித்தார்கள். அந்தக் கட்டுக்குள் தண்ணீர் பட்டு ஊதிப்போன ஒரு புத்தகம், சி என்கிற கம்ப்யூட்டர் மொழிக்கு. சிரித்தவர்கள் முன்னால் அந்த ஒன்பதில் ஏழை ஓட வைத்தேன், புத்தகத்தின் ஒட்டிக்கொண்ட பக்கங்களை நீராவியில் பிரித்துப் படித்தேன், இட்லிச்சட்டி ஆவியில், ஆமாம், சிரி. மூன்று வருஷம். பிறகு இந்த எடைமேடைக்குப் புரோகிராம் எழுதினேன். வாங்கி விற்கிறவள் இல்லை இனி, செய்கிறவள் என்று என்னை நானே ஒரு வாரம் கண்ணாடியில் பார்த்துக்கொண்டேன். திரையில் சோதித்துப் பார்த்தபோது தட்டின மறுகணம் சீட்டு வந்தது. அதையே பிரிண்டருக்குத் திருப்பிவிட்டேன், வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் கேட்டால் சீட்டே வரவில்லையாம். லாரி ஏறுகிறது, பேச்சிமுத்து அண்ணன் தட்டுகிறார், ஒன்றுமில்லை. ரெண்டாவது, ஒன்றுமில்லை. மூன்று, நாலு, ஐந்து, ஆறு. ஏழாவது லாரி ஏறினதும் பேய் பிடித்த மாதிரி ஆறு சீட்டும் மொத்தமாக, ஏழாவதின் பாதியும். அதற்குள் முதல் ஆறு லாரியும் போய்விட்டது, அல்லது வழியை அடைத்து நின்று டிரைவர்கள் கத்துகிறார்கள், யாருக்கு எது என்று அள்ளிக் கொடுத்ததில் பதினாறு டன்காரனிடம் ஒன்பது டன் சீட்டு, துறைமுக வாசலில் ஒரு லாரியை ராத்திரி முழுக்க நிறுத்திவைத்துவிட்டார்கள். பேச்சிமுத்து அண்ணன் என்னிடம் அன்றைக்கே சொன்னார், அதுதான், அதைத்தான் நினைக்கக் கூடாது என்று நினைக்கிறேன். "யம்மா, இது உள்ள எங்கயோ தேக்கி வச்சிக்கிட்டு, நெறஞ்சப்புறம் துப்புது." நான் என்ன சொன்னேன்? "மிஷின் என்ன ஒட்டகமாண்ணே, தேக்கி வைக்க?" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "ஒட்டகமோ என்னமோ, பாத்ததச் சொன்னேன்" என்றார். பார்த்ததைச் சொன்னார். ரெண்டாவது லாரி இறங்குகிறது, சீட்டோடு.

அப்புறம்தான் உன்னிடம் வந்தேன். பிரௌசிங் சென்டரில் ஒரு பையன் காட்டினான், உலகத்தில் சி தெரிந்தவர்கள் எல்லாரும் கூடுகிற குழு இது, கேள்வி போட்டால் பதில் வரும் என்று. போட்டேன். முழுக்கப் பெரிய எழுத்தில். கப்பலிலிருந்து வருகிற டெலக்ஸ் முழுக்கப் பெரிய எழுத்துதான், அவசரமான, மரியாதையான, காசு கொடுத்து அனுப்புகிற சேதி அப்படித்தான் இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன், அது உங்கள் ஊரில் கத்துவது என்று எனக்கு யார் சொன்னார்கள்? அப்புறம் அதே கேள்வியை ஐந்து குழுவில் போட்டேன். நான் ஒரு கயிற்றுச் சுருளுக்கு ஐந்து கடை ஏறி இறங்குகிறவள்! ஒரே கடையில் கேட்டு அவன் சொன்னதை நம்பிக்கொண்டு வருகிறவளை எங்கள் ஊரில் என்ன சொல்லுவார்கள் தெரியுமா? நீ சொன்னாய்: கத்தாதே. ஒரே கேள்வியை ஊரெல்லாம் இறைக்காதே. அடுத்தவர் எழுதினதை முழுசாக ஒட்டி அதன் தலையில் உன் பதிலை வைக்காதே, வேண்டிய வரியை மட்டும் எடுத்துப் போட்டு அதன் கீழே எழுது. கேட்குமுன் பழைய கேள்விகளைப் படி. நல்ல பாடம்தான், ஒத்துக்கொள்கிறேன், முகம் சிவந்துபோய் பிரௌசிங் சென்டர் நாற்காலியில் கூசி உட்கார்ந்தேன், ஆனால் ஒத்துக்கொண்டேன், ஏலத்தில் நாலு பேர் முன்னால் வாங்காத ஏச்சா. அதோடு நிறுத்தியிருந்தால் நீ நல்லவன். நிறுத்தவில்லை. கடைசியில் நாலு வரி: 'உன் நிரலில் பிழை இல்லை. எழுதச் சொன்னால் சி உடனே எழுதும். தாள் வரவில்லை என்றால் பிரிண்டர் பழுது, அல்லது அதன் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஆள் பழுது. இது இந்தக் குழுவுக்கான கேள்வி அல்ல.' அதற்குக் கீழே, இனி என் கடிதங்கள் உன் கண்ணில் படாதபடி என் பெயரை அடைத்துவிட்டதாக ஒரு அறிவிப்பு. நான் அதை அச்செடுத்துக்கொண்டு வந்தேன். நானேதான். அண்ணாச்சிக்குத் தமிழில் சொன்னதும் நானேதான். பழுதில்லை என்று உலகமே சொல்லிவிட்டது என் புரோகிராமை, அந்தச் சந்தோஷத்தில் வாசித்தேன், ரெண்டு தடவை வாசித்தேன். பிரிண்டரை மாற்றிப் பார்த்தார் அண்ணாச்சி. அதே கதை. மிச்சம் இருந்தது ஆள் ஒருத்தர். "பதினோரு வருஷம் கையால எழுதுன ஆளு, கம்ப்யூட்டர் சரிப்பட்டு வரலபோல" என்று அண்ணாச்சி சொன்னபோது பேச்சிமுத்து அண்ணன் என்னைப் பார்த்தார், நான் பிரிண்டரைப் பார்த்தேன். மூன்றாவது லாரி. கர்ர். வந்துவிட்டது. "யக்கா, என்ன இன்னைக்கு, கேக்கதுக்கு முன்னால கைக்கு வருது! ஆளு மாறிட்டா, மிஷின் மாறிட்டா?" என்கிறான் டிரைவர். போடா, போ, இறங்கு, அடுத்தது வரட்டும்.

பொன்ராஜ் வந்தபிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்றார்கள். நம்பினேன், ஆசைப்பட்டதை நம்புவதற்கு என்ன செலவு. ரெண்டு மாசம். போன வாரம் பிரிண்டர் ரிப்பன் மாற்ற வந்தேன், பொன்ராஜ் டீக்குப் போயிருந்தான், மேசையில் பார்த்தால் திரையைப் பார்த்துக் கையால் எழுதின சீட்டுப் புத்தகம். படுபாவி, பிரிண்டரிலிருந்து வருவதையெல்லாம் அவ்வப்போது கிழித்து மேசைக்கு அடியில் சுருட்டிச் சுருட்டிப் போட்டுவிட்டு, கையால் எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கிறான், அக்கா புருஷனிடம் எல்லாம் ஜோர் என்று சொல்லிக்கொண்டு! கத்த வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். ஆனால் கை சுருளை விரித்துவிட்டது. பழக்கதோஷம், கயிறோ துணியோ கையில் கிடைத்தால் நீட்டிப் பார்ப்பேன். ஒன்றை விரித்தேன், இன்னொன்றை அதன்மேல் விரித்தேன். ஒரே நீளம். மூன்றாவது, ஒரே நீளம். தரையில் உட்கார்ந்துவிட்டேன். சத்தம் நின்றதும் அவன் கிழித்திருக்கிறான், கிழித்த இடம் ஒரு துண்டில் சீட்டின் எட்டாவது வரி, இன்னொன்றில் பதினாறாவது, இன்னொன்றில் நாலாவது, அதனால்தான் பார்க்கிறவனுக்கெல்லாம் ஒழுங்கே இல்லாத பேயாட்டமாகத் தெரிந்தது. ஆனால் நீளம் ஒன்று. வரிகளை எண்ணினேன், விரலை எச்சில் தொட்டு, ஏலச்சாமான் எண்ணுகிற மாதிரி. நூற்றி இருபத்தெட்டு. அடுத்தது நூற்றி இருபத்தெட்டு. அடுத்தது. மனுஷன் பிழை செய்தால் இன்றைக்குக் கொஞ்சம் நாளைக்கு நிறைய என்று செய்வான், தூக்கத்தில் ஒரு மாதிரி, கோபத்தில் ஒரு மாதிரி. பேச்சிமுத்து அண்ணன் செய்தாலும் பொன்ராஜ் செய்தாலும் அச்சுப்பிசகாமல் நூற்றி இருபத்தெட்டில் நிற்கிற தப்பை எந்த மனுஷனாலும் செய்ய முடியாது! ஒரு வரிக்கு முப்பத்திரண்டு எழுத்து, வரி முடிவையும் சேர்த்து. சீட்டு பார்க்க லட்சணமாக இருக்க வேண்டுமென்று நான்தான் வெற்றிடம் போட்டு நிரப்பி ஒரே அகலமாக வைத்திருந்தேன். முப்பத்திரண்டை நூற்றி இருபத்தெட்டால் பெருக்கினேன், கணக்கில் தோற்றவள் தரையில் சாக்கட்டியால் பெருக்கினேன். நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு. அந்த எண்ணை நான் எங்கோ பார்த்திருக்கிறேன். இட்லிச்சட்டி ஆவியில் பிரித்த பக்கங்களில் கடைசிவரை பிரியாமல் கிழிந்துபோன ஒன்று இருந்தது, அதன் பாதியில் இருந்தது அந்த எண். வீட்டுக்கு ஓடினேன். நாலாவது லாரி எப்போது போனது? சீட்டு என் கையில் இல்லை. டிரைவர் கையில் இருக்கிறது. கொடுத்திருக்கிறேன். அண்ணாச்சி விரல் மடக்குகிறார், நாலு.

எங்கள் பழைய பஸ் ஸ்டாண்டில் ஷேர் வேன்கள் நிற்கும். நீ ஏறி உட்கார்ந்தால் உடனே எடுக்க மாட்டான், ஆள் நிறையட்டும் என்பான், ஒவ்வொருத்தருக்காக ஓட்டினால் டீசல் கட்டாது. சி அந்த வேன்காரன். எழுது என்று சொன்னால் எழுத்தை உள்ளே ஒரு இடத்தில் உட்கார வைக்கிறது, பஃபர் என்கிறான் புத்தகத்தில், நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு இருக்கை. திரைக்குப் போகிற எழுத்தென்றால் எதிரே மனுஷன் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று வரிக்கு ஒருதரம் வண்டியை எடுத்துவிடும். பிரிண்டருக்குத் திருப்பிவிட்டால் பார்க்க ஆளில்லை என்று நினைத்து, நிறையும்வரை நிற்கும். அதனால்தான் என் கண் முன்னால் திரையில் யோக்கியமாக நடந்துகொண்டு, பேச்சிமுத்து அண்ணன் கையில் வந்ததும் காலை வாரியது. வண்டியை இப்போதே எடு என்று சொல்ல ஒரு கட்டளை இருக்கிறது, ஒரே ஒரு வரி, சீட்டின் இருபதாவது வரிக்குக் கீழே அதை எழுதினால் போதும். எழுதினேன். அழவில்லை. மறுநாள் காலையில் பிரௌசிங் சென்டர் ஷட்டர் தூக்கும்போதே உள்ளே நுழைந்து குழுவில் எழுதினேன், சின்ன எழுத்தில், ஒரே குழுவில், என் பழைய கேள்வி தொங்குகிற அதே இழையில், உன் நாலு வரியை மட்டும் எடுத்துப் போட்டு அதன் கீழே, நீ சொன்ன சட்டத்தில் ஒரு புள்ளி தவறாமல். நூற்றி இருபத்தெட்டு, முப்பத்திரண்டு, நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு. மூன்று பேர் பதில் போட்டார்கள், இந்தப் பெண்மணி சொல்வது சரி, இப்படித்தான் தேங்கும் என்று. நீ வரவில்லை. என் பெயரை அடைத்துவிட்டாயே, அதனால் பார்க்கவில்லை என்பாய். பொய். அந்த மூன்று பேரும் உன் சட்டப்படியே என் வரிகளை எடுத்துப் போட்டுத்தான் கீழே எழுதினார்கள், அவர்கள் பெயரை நீ அடைக்கவில்லையே, அவர்கள் கடிதத்துக்குள் என் வரிகள் உன் வீட்டுக்குள் வந்துவிட்டன. முந்தாநாள் நீ வேறு யாருக்கோ எழுதியிருக்கிறாய், உயிரோடுதான் இருக்கிறாய், யாரோ கத்தினானாம், கத்தாதே என்றிருக்கிறாய். நேற்று பொன்ராஜின் சுருள்களை அண்ணாச்சி மேசையில் கொட்டினேன், அதில் பிறந்ததுதான் இன்றைய ஒப்பந்தம். ஐந்தாவது லாரி. ஆறாவது. ஆறாவது சீட்டைக் கிழிக்கும்போது அண்ணாச்சியின் மூச்சு என் பிடரியில் இல்லை, நகர்ந்து பிரிண்டர் பக்கம் போய்க் குனிந்து நிற்கிறார்.

ஏழாவது ஏறுகிறது. ஏழு ஏன் என்று இப்போது புரிகிறதா அண்ணாச்சி, என்று மனசுக்குள் கேட்கிறேன், ஏழாவதில்தான் முன்பு பேய் துப்பும், எட்டாவது வரியில் நிற்கும், அந்த இடத்தைத் தாண்டினால்தான் ஜெயிப்பு, முதல் லாரியில் ஜெயிப்பது ஜெயிப்பில்லை. ஒருவேளை நான் எண்ணினது தப்பென்றால்? உள்ளே இன்னொரு தேக்கம் இருந்தால், பிரிண்டருக்குள், வயருக்குள், நான் படிக்காத பக்கத்துக்குள்? எண் ஆடுகிறது. பதினைந்து எண்ணூறு, பதினாறு, பதினாறு நாற்பது. நில். நின்றது. தட்டினேன். ஒன்று, ரெண்டு, மூன்று, நாலு, ஐந்து, ஆறு, ஏழு, எட்டு. ஒன்பது! ஒன்பது, பத்து, பதினொன்று, ஓடுகிறது, என்னைக் கேட்காமல் ஓடுகிறது, இருபது! அந்தோணியாரே, இருபது! நான் கத்திவிட்டேன், வாய்விட்டு, பெரிய எழுத்தில், இது என் ஊர், இங்கே கத்தலாம். சீட்டைக் கிழித்து அண்ணாச்சியின் கையிலேயே கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்க்கிறார், பின்பக்கம்கூடப் பார்க்கிறார். "அப்போ அந்த ஆளு மேல தப்பில்லன்னு சொல்லுத" என்கிறார் மெதுவாக. "தப்பு என் புரோகிராம்ல அண்ணாச்சி. அந்த மனுஷன் மொத நாளே சரியாச் சொன்னாரு. நான்தான் சிரிச்சேன். அந்தத் தாளை வாசிச்சு உங்கள நம்ப வச்சதும் நான்தான்." ஜெயித்தவளுக்குத் தன் தப்பைச் சொல்வது இத்தனை லேசா. "சரி, நாளையிலருந்து வரச் சொல்லு. பொன்ராஜ நான் பாத்துக்கிடுதேன்" என்கிறார். ஓடினேன், லாரிகளுக்கு நடுவே, செருப்புக்குள் உப்பு நறநறக்க. "அண்ணே! ஏழும் வந்துட்டுண்ணே! நீங்க சொன்னதுதான், தேக்கித்தான் வச்சிருந்துருக்கு. என்னய மன்னிச்சிருங்க. நாற்காலி ஒங்களுக்குத்தான்." அவர் சிரிக்கிறார், பல் தெரிய, ரெண்டு மாசத்தில் முதல் தடவை. "அப்போ ஒட்டகந்தானே யம்மா?" "ஒட்டகந்தாண்ணே." ரெண்டு பேரும் சிரிக்கிறோம், டிரைவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். வாங்க உள்ளே என்று கையைப் பிடித்து இழுக்கிறேன். வரவில்லை. "இரு யம்மா. நாலு எடைமேடைக்கு வேலை கேட்டுப் போனேன். நாலு எடத்துலயும் அந்தத் தாளோட நகல் இருக்கு. வெளிநாட்டுக்காரனே எழுதிட்டான், ஆளுதான் பழுதுன்னுங்கான். சந்தையில என் மவ கிட்டயே சொல்லிருக்கான். நீ மாத்தி எழுதினா, அவ எனக்கு வேண்டியவன்னு சொல்லுவான். எழுதினவரு மாத்தி எழுதட்டும். அதக் கையில வாங்கிட்டு உள்ள வாரேன்." "அவன் எழுதலன்னாண்ணே?" "எழுதுவாரு யம்மா. அம்புட்டு மரியாதை படிச்சவருல்லா."

கேட்டாயா? உன்னை அவர் என்கிறார். உன் நாலு வரியில் நாற்காலி போன மனுஷன் உனக்கு மரியாதை கொடுக்கிறார், நீ எழுதுவாய் என்று நம்புகிறார், நானாக இருந்தால் நம்ப மாட்டேன். சாயங்காலம் நான் மறுபடியும் போவேன், உன் கண்ணில் படுகிற அந்த மூன்று பேர் பெயருக்கும் எழுதுவேன், என் வரிகளை மேற்கோள் காட்டி உன் வாசலில் கொண்டுபோய் வைக்கச் சொல்லிக் கேட்பேன், கெஞ்சியோ மிரட்டியோ, எனக்கு ரெண்டும் வரும். உன்னிடம் மன்னிப்பு கேட்கவில்லை, எனக்கு வேண்டாம், என்னைத் தம்பி என்றதைக்கூட வைத்துக்கொள். வேண்டியது ஒன்று. அதே குழுவில், அதே இழையில், உன் பழைய வரியை எடுத்துப் போடு, 'அதன் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஆள் பழுது' என்ற அந்த வரியை, வேறெதையும் ஒட்டாதே. அதன் கீழே, தலையில் இல்லை, கீழே, உன் மூன்று எழுத்துப் பெயரில் எழுது: அந்த ஆள்மேல் பிழை இல்லை, நான் சொன்னது தவறு. இதில் பேரம் கிடையாது, ஒரு வார்த்தை குறைத்தாலும் வாங்கிக்கொள்ள மாட்டேன். எடைமேடை அறையில் நாற்காலி காலியாக இருக்கிறது, அவர் வெயிலில் நிற்கிறார். எழுது.